சென்சார் நனைந்தே இருக்க வேண்டும்

எங்கள் ஆராய்ச்சி மையம் இருந்தது ஒரு பழைய பால் குளிரூட்டும் நிலையத்தின் மாடியில். மழை பெய்தால் சுவரிலிருந்து புளித்த பால் வாசனை வரும். நல்லவேளையாக மழை அதிகம் பெய்வதில்லை. பெய்யாததால்தான் எங்களுக்கு மையமே கிடைத்தது. பருவநிலை மாறுகிறது, ஆறுகள் என்ன ஆகப்போகின்றன என்பதை இந்த வட்டாரத்து மனிதர்களே அளந்து கணக்குப் போட்டுச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எங்கோ தூரத்தில் யாரோ முடிவெடுத்தார்கள். அதற்கு வட்டாரத் திறன் வளர்ப்புத் திட்டம் என்று பெயர் வைத்து, என்னை அதன் தலைமைப் பொறுப்பில் உட்காரவைத்தார்கள்.

எனக்கு அதில் ஒரு வெறி இருந்தது. அதற்கு முன்னால் எங்கள் ஆறுகளைப் பற்றி எந்த அறிக்கை வந்தாலும் அது வெளிநாட்டு நிபுணர் எழுதியதாகத்தான் இருக்கும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வருவார்கள். பாலத்தின்மேல் நின்று எட்டிப் பார்ப்பார்கள். ஆறு மாதம் கழித்துத் தலையணை தடிமனுக்கு ஓர் அறிக்கை அனுப்புவார்கள். அதில் எங்கள் ஊரின் பெயரே தப்பாக இருக்கும். நீரியலில் முனைவர் பட்டம் வாங்கிய நான், அவர்களுக்கு ஜீப் பிடித்துக் கொடுத்தும் ஓட்டலில் அறை போட்டுக் கொடுத்தும் பாதி வயதைத் தொலைத்தேன். என் கணவர் என்னை 'டிராவல்ஸ் முதலாளி' என்று கூப்பிடுவார். அதனால் மையம் கையில் வந்தபோது, இனிமேல் இந்த ஆறுகளின் கணக்கை எங்கள் ஆட்கள்தான் போடவேண்டும் என்று பிடிவாதமாக நினைத்தேன். வேறு எந்த ஆசையும் எனக்கு அந்த அளவுக்கு இருந்ததில்லை.

ஐந்து பேரைப் பொறுக்கியெடுத்து வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பினோம். ஒருத்தன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டான். இன்னொருத்தி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வெள்ள நஷ்டத்தைக் கணக்கிடப் போனாள். மூன்றாவது ஆள் திரும்பி வந்த வேகத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்க ஆரம்பித்து, எனக்கே ஒன்றைத் தலையில் கட்டினான். நான்காவது ஆள் எங்கே என்று இன்றுவரை அவன் வீட்டாரே என்னைக் கேட்கிறார்கள். நாங்கள் வளர்த்த திறன் இப்படி நாலா பக்கமும் சிதறிப்போனது. மிச்சம் நின்றது வாண்டு ஒருத்திதான்.

வாண்டு என்பது அவளுடைய அம்மா வைத்த பெயர். ஆள் குள்ளம். ஒருநாள் அந்த அம்மா சாப்பாட்டுப் பையோடு வாசலில் வந்து நின்று "வாண்டு இருக்காளா?" என்று கேட்டதிலிருந்து காவலாளி முதல் நான் வரை எல்லோருக்கும் அவள் வாண்டுதான். ஐந்தாவது படிக்கும் பெண்ணுக்குத் தாய் என்ற மரியாதையெல்லாம் கிடையாது. கம்ப்யூட்டர் மாடல் உருவாக்குவதில் அவளுக்கு அபாரமான கை. மழை இவ்வளவு, வெயில் இவ்வளவு என்று கொடுத்தால் ஆற்றில் எவ்வளவு ஓடும் என்று சொல்லும் மாடலைத் தனி ஆளாக எழுதினாள். அவள் கணவன் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு வீட்டோடு கிடந்தான். மாமனார் டிவி முன்னால் கிடந்தார். அந்த வீடு முழுக்க அவள் சம்பளத்தில் ஓடியது. கூட்டங்களில் என்னை மேடம் என்று சொல்லும்படி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். வெளிநாட்டு விருந்தினர் முன்னாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஆற்றிலும் அதன் கிளைகளிலுமாக எங்களுக்கு ஐந்து நிலையங்கள். நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பாலத்தூணில் ஓர் இரும்புக் குழாய், அதற்குள் நீர்மட்டத்தை அளக்கும் சென்சார், மேலே சூரியத்தகடு, சிம் கார்டு. எண்கள் தானாகவே திட்டத் தலைமையகத்தின் திரைக்குப் போய்விடும். எண் வந்தால் கட்டம் பச்சை, வராவிட்டால் சிவப்பு. மாதாந்திரக் கூட்டத்தில் அவர்கள் சிவப்பைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள். பச்சைக்குள் என்ன எண் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. முதல் கோடையில் எங்கள் கட்டங்கள் எல்லாம் சிவப்பாகி, கூட்டத்தில் எனக்குச் செம டோஸ் விழுந்தது. அடுத்த வருடத்திலிருந்து எல்லாம் பச்சை. வாண்டு பேட்டரியைச் சரிசெய்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். வட்டாரத்திலேயே ஒருநாள் விடுபடாத தரவு எங்களுடையது மட்டும்தான் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்தத் தரவில் ஓர் அழகு இருந்தது. கோடை மாதங்களில் தினமும் காலையில் ஒரு சின்ன ஏற்றம், சாயங்காலம் ஒரு சின்ன ஏற்றம். வாண்டுவும் நானும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கரையோர மரங்கள் வெயில் நேரத்தில் தண்ணீரை உறிஞ்சுவதால் மட்டம் இறங்குகிறது, உறிஞ்சாதபோது ஏறுகிறது என்று கடைசியில் விளக்கம் கண்டுபிடித்தோம். உலகத்தில் பல ஆறுகளில் அப்படி நடப்பது உண்மைதான். ஒரு மாநாட்டில் அதை வைத்தோம். பரிசாகக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். மரங்கள் மூச்சுவிடுவதை எங்கள் ஊர்ப் பெண் அளந்துவிட்டாள் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

கோடையிலும் ஆற்றில் கணிசமான தண்ணீர் ஓடுகிறது என்று மாடல் சொன்னது. குடிநீர் வாரியப் பொறியாளர் அந்த எண்ணைத் தேடி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மேட்டுப்பக்கம் ஒரு புதுக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. லாரித் தண்ணீரை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களை அங்கே குடியேற்றி, ஆற்றிலிருந்து குழாய் போடுவது திட்டம். எந்த வெளி நிபுணரையும் கேட்காமல் எங்களிடம் கணக்குக் கேட்ட முதல் அதிகாரி அவர். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் இறுதி மதிப்பீடு வந்தது. மையம் தொடர்வதா, மூடுவதா என்பது அதில் முடிவாகும். தொடர்ந்தால் இன்னும் பத்துப் பேருக்குப் பயிற்சி, நிரந்தரக் கட்டடம், எல்லா ஆறுகளின் கணக்கும் எங்கள் கையில். மூடினால் பழையபடி தொப்பிக்காரர்கள். மதிப்பீட்டுக்கான பிரசுரத்தில் போட, நான் சென்சார் பக்கத்தில் நின்று சிரிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று தலைமையகம் கேட்டது. நல்ல கோடை. நானும் வாண்டுவும் ஜீப்பில் போனோம்.

பாலத்துக்கு மேற்பக்கம் மணலும் முள்ளும் கிழிந்த பைகளும் கிடந்தன. கீழ்ப்பக்கம் பையன்கள் பந்து விளையாடக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு சொட்டு ஈரம் கிடையாது. பாலத்தின் நேர் அடியில், எங்கள் குழாய் நிற்கும் தூணைச் சுற்றி மட்டும் முழங்கால் அளவுக்கு ஒரு குட்டை. மேலே சோப்பு நுரை. கழுத்துவரை அமிழ்ந்து ஒரு நாய் சுகமாகப் படுத்திருந்தது. குட்டையை வளைத்து, தூணிலிருந்து கரைவரை, அடக்கமான ஒரு சிமெண்டுச் சுவர். அதில் எங்கள் மையத்தின் முத்திரைகூடப் பதித்திருந்தது.

இது யார் கட்டியது என்று கேட்டேன்.

"நாமதான் அக்கா. மொத வருஷம் எல்லாம் சிவப்பாச்சே, அதுக்கப்புறம் கட்டினது. நிலைய மேம்பாடுன்னு அறிக்கையில எழுதியிருந்தேன். நல்லா பண்ணியிருக்கேன்னு நீங்ககூடச் சொன்னீங்களே."

"எதுக்குக் கட்டினே?"

"கையேட்டுல இருக்கே அக்கா. சென்சார் வருஷம் முழுக்க நனைஞ்சே இருக்கணும், வெளிய தெரிஞ்சா கெட்டுப்போயிடும்னு. பயிற்சியில மொத நாளே அதைத்தான் சொன்னாங்க."

அவள் முகத்தில் பெருமைதான் இருந்தது. நான் தூணைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். ஆற்றில் மட்டத்தை மட்டும்தான் கருவி அளக்கும். தண்ணீர் இவ்வளவு உயரம் நின்றால் நொடிக்கு இவ்வளவு ஓடுகிறது என்று ஒரு சூத்திரம் போட்டு ஓட்டத்தைக் கணக்கிடுவோம். அந்தச் சூத்திரத்தை ஓடுகிற ஆற்றில், சுவர் வருவதற்கு முன்னால் போட்டிருந்தோம். தேக்கி வைத்த குட்டையில் அதே உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும், ஆனால் ஓடாது. கருவிக்கு அது தெரியாது. நின்ற தண்ணீரையெல்லாம் ஓடுகிற ஆறு என்று நினைத்து எண்ணை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. கையேட்டை எழுதியவர்களின் நாட்டில் ஆறு வற்றாது. அங்கே சென்சார் நனைந்திருக்க வேண்டும் என்றால் ஆழமாகப் பொருத்து என்று அர்த்தம். எங்கள் பெண் நல்ல மாணவி. ஆறு வற்றினாலும் சென்சாரை வற்றவிடவில்லை.

கரையில் வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டின் பின்சுவரிலிருந்தும் ஒரு பிளாஸ்டிக் குழாய் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் நிற்கும்போதே ஒரு வீட்டில் யாரோ பாத்திரம் கழுவி முடித்தார்கள் போலிருக்கிறது. குழாய் கடகடவென்று சத்தம் போட்டுச் சாம்பல் நிறத் தண்ணீரைக் கக்கியது. அது மணலில் நெளிந்து வந்து குட்டையில் சேர்ந்தது. நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எங்கள் மரங்கள் மூச்சுவிட்ட நேரம் அதுதான். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வாண்டுவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே குழாயையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாதியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

மற்ற நாலு இடத்திலும் இதேதானா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். குட்டையையும் சுவரையும் மட்டும் படம் பிடித்துக்கொண்டு, பிரசுரத்துக்கான படம் எடுக்காமலே திரும்பினோம்.

மையத்தில் வெயிலுக்கு ஒதுங்க ஒரே இடம் சர்வர் அறை. அங்கே மட்டும்தான் ஏசி. ஒற்றை நாற்காலி, இரண்டு கவிழ்த்துப்போட்ட பால் கேன்கள். அவள் கேனில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, இப்போது சொல்ல வேண்டாம் என்றாள். அவள் சொன்ன காரணத்தில் ஓட்டை எதுவும் இல்லை.

"மதிப்பீடு முடியட்டும் அக்கா. மையம் நிலைக்கட்டும். அப்புறம் நாமளே சுவரை இடிச்சுட்டு, மெதுவா திருத்திக்கலாம். நாம இருந்தாத்தானே திருத்த முடியும்?"

எனக்கும் அதுதான் ஆசை. இருந்தால்தானே திருத்த முடியும் என்று எனக்குள்ளேயே நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதைச் சொல்லச் சொல்ல எனக்கே அது நியாயமாகப் பட்டது.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பாத்திரம் கழுவின தண்ணீருக்குக் கேடயமா என்று பேனா கீழே விழும் அளவுக்குச் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். நான் வாண்டு சொன்னதைச் சொன்னேன், கொஞ்சம் ஜோடித்தே சொன்னேன். அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"மையம் இருக்கிறதும் போறதும் உன் விஷயம். அந்தக் குடியிருப்புல குழாய் போட்டுருவாங்களே. ஜனங்க குடி வந்துருவாங்க. மொத கோடையில குழாயில காத்துதான் வரும். அதுக்கு முன்னாடி திருத்திருவியா?"

திருத்த முடியாது. குழாய் வேலை மதிப்பீட்டுக்கு அடுத்த மாதமே ஆரம்பம். அவர் வற்புறுத்தாமல் அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டார். அந்த மனுஷன் என்றைக்கும் இப்படித்தான், தைத்துவிட்டு ஊசியை எடுத்துப் பத்திரமாக வைத்துவிடுவார்.

மறுநாள் வாண்டுவிடம், சொல்லப்போகிறேன் என்றேன். யார் கட்டியது என்று அவள் பெயர் வராது, மையம் கட்டியது என்றுதான் வரும் என்றும் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்வாள், கம்பி நீட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சுவர் கட்டின நாளிலிருந்து ஒவ்வொரு கோடையாக எடுத்து, குட்டையின் எண்களை வெட்டினாள். முடித்தபோது பச்சையாக இருந்த எங்கள் தரவு முழுக்க ஓட்டை ஓட்டையாக இருந்தது. மிச்சத்தை வைத்து மாடலை மறுபடி ஓட்டினாள். கோடையில் ஆற்றில் ஒன்றும் இல்லை என்று அது சொன்னது. கிளை ஆறுகளிலும் இல்லை. வருகிற வருடங்களில் வற்றும் காலம் இன்னும் நீளும் என்றது. அவள் அதைச் சரிபார்த்து, மறுபடி சரிபார்த்து, என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் மையம் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். அதில் எங்களுக்கு யாரும் சொல்லித்தந்தது ஒன்றுமில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொண்டேன்.

மதிப்பீடு ஓர் ஓட்டல் கூடத்தில் நடந்தது. பாதிப் பேர் நேரில், பாதிப் பேர் திரையில். குழுவின் தலைவி நரைத்த முடியை ஒட்ட வெட்டிய, மிகவும் தன்மையான பெண்மணி. கையேட்டை எழுதிய பயிற்சியாளரும் முன்வரிசையில் இருந்தார். பொறியாளர் பின்வரிசையில் டீயோடு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து சுவரின் படத்தைத் திரையில் போட்டேன். நாயும் படத்தில் இருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். பரிசு வாங்கிய ஆய்வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்றேன். கோடைத் தண்ணீர் பற்றி நாங்கள் கொடுத்த எண் தவறு, சரியான எண் இது என்று வாண்டு போட்ட கணக்கைக் காட்டினேன். இந்தத் தவறைக் கண்டுபிடித்ததும் திருத்தியதும் எங்கள் ஆட்கள்தான், திறன் என்பது இதுதானே என்று கேட்டு முடித்தேன். அந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டுப் போயிருந்தேன்.

தலைவி என் நேர்மையைப் பாராட்டினார். பயிற்சியாளர் வருத்தத்தோடு எழுந்து, தங்கள் நாட்டில் கோடையில் ஆறு நிற்பதில்லை, அதனால் அப்படி ஒன்று தோன்றவே இல்லை, அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுகிறேன் என்றார். உண்மையாகவே நல்ல மனிதர். அவரை வெறுக்கக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று. பொறியாளர் மட்டும் டீக் கோப்பையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆத்துல தண்ணி இருக்குன்னு சொன்னதும் நீங்கதான். இல்லன்னு சொல்றதும் நீங்கதான். நான் எதைம்மா கேக்கட்டும்? குழாய் வந்து எறங்கியாச்சு. மேல போய், அளந்தவங்க, வீட்டுக் கழிவுத் தண்ணியை அளந்துட்டாங்கன்னு சொன்னா சிரிப்பாங்க. மொத எண்ணுதான் கோப்புல இருக்கு. அது அப்படியே இருக்கட்டும்."

அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களை நம்பி முதலில் வந்தவர் அவர்தான். அந்த நம்பிக்கைதான் அவர் கழுத்தைப் பிடித்திருந்தது.

முடிவு எழுத்தில் வந்தது. மையத்தின் நேர்மை பாராட்டத்தக்கது என்று முதல் வரி. அடிப்படைக் களப்பணியிலேயே இத்தகைய பிழை நேர்ந்திருப்பதால் வட்டாரத் திறன் இன்னும் முதிரவில்லை என்று குழு கருதுகிறது என்று இரண்டாவது வரி. ஆற்றைப் பற்றிய மேற்கொண்டு ஆய்வுகள் வெளிநாட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்படும் என்று மூன்றாவது. அதற்கப்புறம் நான் படிக்கவில்லை. மறைத்திருந்தால் நாங்கள் முதிர்ந்தவர்கள். சொன்னதால் முதிராதவர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடங்கும் என்றும் தோன்றவில்லை.

சென்சார்களைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். சர்வரையும் ஏசியையும் கொண்டுபோனார்கள். நான் குடிநீர் வாரியத்துக்கு நாலைந்து தடவை எழுதினேன், இரண்டு முறை நேரில் போய் உட்கார்ந்தேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். மேட்டுக் குடியிருப்புக்குக் குழாய் போய்ச் சேர்ந்தது. ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் எடுக்கச் சேர்ந்தேன். வாண்டுவுக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. கணவன் காலில் வைத்த தகடு சீழ் பிடித்து மறுபடி ஆப்பரேஷன் செய்ய வேண்டியிருந்தது. மகளைப் பள்ளிக்கூடம் மாற்றினாள். என்னைப் பார்க்க வரும்போது சிரித்துப் பேசுவாள், ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை. கடைசியில் அந்த ஆலோசனை நிறுவனம் இங்கே ஓர் அலுவலகம் திறந்தபோது, வெட்கத்தை விட்டு நானே அவர்களுக்கு எழுதி அவளைச் சேர்த்துவிட்டேன்.

போன வாரம் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். அவளிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திப் பேசினாள். படிக்கட்டில் நின்று பேசுவதாகச் சொன்னாள்.

நிறுவனம் ஆற்றின் கணக்கை ஆரம்பித்துவிட்டதாம். தரவு கேட்டார்கள். வாண்டு, நாங்கள் திருத்திய தரவைக் கொடுத்திருக்கிறாள். அவர்களுடைய மென்பொருள் ஓட்டைகளை ஏற்கவில்லை. குழுத்தலைவர் தலைமையகத்தின் பழைய சேமிப்பைத் துழாவி, எங்களுடைய பழைய பச்சைத் தரவைக் கண்டுபிடித்துவிட்டார். வட்டாரத்திலேயே ஒருநாள் விடுபடாத ஒரே தரவு, இதையா இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தாய் என்று அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். அவள் சுவரின் படத்தைக் காட்டியிருக்கிறாள். அது மூடப்பட்ட மையத்தின் உள்விவகாரம், முறைப்படி வெளியான தரவு இதுதான், சாயங்காலத்துக்குள் மாடலை ஓட்டிக் கொடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் மாட்டேன் என்றால் பக்கத்து மேசைக்காரர் ஓட்டுவார்.

"நான் என்ன பண்ணட்டும் அக்கா? நீங்க வேணாம்னு சொன்னா இப்பவே பையை எடுத்துக்கிட்டு எறங்கிடுவேன்."

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அவள் இறங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒரு தடவை, என் ஒரு வார்த்தைக்காகத் தன் வேலையைத் தானே வெட்டி மேசைமேல் வைத்தவள் அவள். அன்றைக்கு நான் உண்மையைச் சொன்னேன். அதனால் அவள் சம்பளம் போனது, ஆற்றின் கணக்கு தொப்பிக்காரர்களிடம் போனது, மேட்டுக் குடியிருப்பின் குழாயில் ஒரு சொட்டுகூட அதனால் வந்துவிடவில்லை. இன்னொரு தடவை அதைச் செய் என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. தேடிப் பார்த்தேன். எதிரே ஆங்கில ஆசிரியை வாழைப்பழம் உரித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டு" என்றேன்.

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஓட்டிக் குடுத்துடு. உன் பேரை மட்டும் அதுல போடவிடாத."

"பேரு போட்டுத்தான் ஆகணுமாம் அக்கா. ஒரு உள்ளூர் நிபுணர் பேரு இருந்தாத்தான் அறிக்கையை ஏத்துக்குவாங்களாம். அதுக்குத்தான் என்னைச் சேர்த்ததே."

எங்கள் ஆட்கள் கணக்குப் போட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். எங்கள் ஆளின் பெயரிலேயே வரப்போகிறது. இந்த முறை அதில் ஊரின் பெயர்கூடச் சரியாக இருக்கும், அவள் பார்த்துக்கொள்வாள்.

"சரி, போடு" என்றேன்.

தேங்க்ஸ் அக்கா என்றாள் வாண்டு. பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது அவள் குரல். மாமா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள், ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். நான் வா என்றேன். ஆங்கில ஆசிரியை எழுந்து வந்து என் தோளைத் தொட்ட பிறகுதான், நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.